இலுப்பை விதை விதைப்பந்துக்குள் காத்திருக்காது

ஆனி பிறந்துவிட்டால் காலையில் ஒருமுறை இலுப்பை மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். இரவில் வௌவால்கள் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகள் பழுப்பு நிறத்தில் பளபளவென்று கிடக்கும். பொறுக்கிய ஒரு வாரத்துக்குள் மண்ணில் ஊன்றினால் பெரும்பாலானவை முளைத்துவிடும். சாக்கில் கட்டிவைத்து ஒரு மாதம் கழித்து எடுத்தால் செக்குக்குத்தான் ஆகும்.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்காகப் பல ஊர்களில் மே மாதமே விதைப்பந்து உருட்டுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் இலுப்பையும் நாவலும் அப்போது பழுத்திருக்காது. ஆகவே பந்துக்குள் போகும் இலுப்பை விதை சென்ற ஆண்டுடையது, அதாவது செத்த விதை. கொன்றை, வாகை போன்றவற்றின் விதைகள் தோல் கெட்டியானவை. அவை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து மழை கண்டதும் முளைக்கும். இலுப்பை, நாவல் விதைகளுக்கு உறக்கமே கிடையாது. ஈரத்தோடு விழுந்து, ஈரத்தோடு முளைக்க வேண்டியவை. காயவைத்தால் உயிர் போய்விடும். நாவல் விதைக்கு ஆயுள் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேம்பையும் இவற்றோடு சேர்த்துத்தான் நடத்த வேண்டும்.

குளிர்நாடுகளில் ஓக், செஸ்ட்நட் மரங்களின் கொட்டைகளும் இதே குணம் கொண்டவைதாம். அவற்றை ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியில் வைத்து, வசந்தத்தில் ஊன்றுகிறார்கள். நம் வெப்பமண்டல விதைகளுக்கு அந்த வழியும் இல்லை. குளிர்பெட்டியில் வைத்தாலும் அவை கெட்டுப்போகும். விழுந்தவுடன் விதைப்பது ஒன்றே வழி.

வேறு எத்தனையோ மரங்கள் இருக்க இலுப்பை எதற்கு என்று கேட்கலாம். பங்குனி, சித்திரையில் காடும் கரையும் காய்ந்து கிடக்கும்போது இது பூக்கிறது. சதைப்பற்றான அந்த இனிப்புப் பூ இரவில் மலரும். பழந்தின்னி வௌவால்களுக்கு அது விருந்து. பூவைத் தின்ன வருகிற வௌவாலே மகரந்தத்தைச் சேர்க்கிறது. பிறகு பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் போய், தின்றபின் கொட்டையைக் கீழே போடுகிறது. மரமும் வௌவாலும் ஒன்றை நம்பி ஒன்று வாழ்கின்றன. 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்கு செய்யும் உயிர்கள் பட்டியலில் வைத்திருந்தது. அந்தப் பட்டியலே 2022 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் மாறிவிட்டது, மரங்கள்தான் குறைந்துகொண்டே போகின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர், மயிலாடுதுறைப் பக்கத்து இலுப்பைப்பட்டு என்று ஊர்ப்பெயர்களில் இலுப்பை நிலைத்திருக்கிறது. கோயில் விளக்குக்கு எண்ணெய் வேண்டியிருந்த காலத்தில் அக்கறையோடு வளர்த்தார்கள். அந்தத் தேவை சுருங்கியபின் புதிதாக நட ஆளில்லை. இன்று நாம் பார்ப்பவை பெரும்பாலும் தாத்தா காலத்து மரங்கள். அவற்றின் அடியில் இளங்கன்று ஏதாவது நிற்கிறதா என்று தேடிப் பாருங்கள், நிலைமை புரியும்.

‘வௌவால் என் கொய்யாவைத் தின்கிறதே, அதற்கு நான் மரம் வேறு வளர்க்க வேண்டுமா?’ என்று தோட்டக்காரர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இலுப்பை நட்டால் கொய்யா தப்பிவிடும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். பழத்தோட்டத்துக்கு வலைதான் பாதுகாப்பு. வயல் நடுவரப்பிலும் இதை நடாதீர்கள். பெரிய மரம், மேலாகப் பரவும் வேர், அடர்ந்த நிழல். கிணற்றுமேடு, களத்துமேட்டு ஓரம், குளக்கரை, ஊர்ப் புறம்போக்கு, கோயில் நிலம் ஆகியவையே இதற்கு ஏற்ற இடங்கள். பூக்கப் பத்தாண்டு போல ஆகும். வரவு பார்த்து நடுகிற மரம் இல்லை இது.

கன்று வளர்ப்பது எளிது. ஒட்டியிருக்கும் சதையைக் கழுவிவிட்டு, கொட்டையைப் படுக்கைவாக்கில் ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் ஊன்றுங்கள். செம்மண், மணல், மக்கிய எரு கலந்த பை போதும். ஆனால் பை உயரமாக இருக்கட்டும், ஏனென்றால் ஆணிவேர் வேகமாக இறங்கும். எண்ணெய் வித்து என்பதால் எலியும் அணிலும் தோண்டிவிடும். முளைக்கும்வரை கம்பிவலையோ முள்ளோ போட்டு மூடிவையுங்கள். நாவலில் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

ஊராட்சிகளும் பள்ளிகளும் நாற்றங்கால் நடத்துவோரும் ஒன்று செய்யலாம். ஜூன் 5 அன்று விதைப்பந்து வீசுவதற்குப் பதில் பைகளில் மண் நிரப்பி வைக்கட்டும். ஆனி, ஆடியில் விழும் விதை அன்றன்றே பைக்குப் போகட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையை இடம் மாற்றாவிட்டால் வேர் தரைக்குள் இறங்கிவிடும், பிடுங்கும்போது அறும். அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில், ஓராண்டு தாண்டிய கன்றாகக் குழியில் வையுங்கள். ஆடு கடிக்காதபடி மூன்றாண்டுக்கு முள்வேலி வேண்டும். முதல் இரண்டு கோடையிலும் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.