படம் தெளிந்தது, பிள்ளையின் மூச்சு?

"ஏழு மாசத்துப் புள்ள தங்கும், எட்டு மாசத்துப் புள்ள தங்காது" என்று சொல்லும் பாட்டிமார் நம்மிடையே இன்றும் உண்டு. மருத்துவம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் நுரையீரலுக்கு லாபமே.

கலும்பாங், கெர்லிங், உலு பெர்ணம் பக்கத்தில் மிகவும் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால் செலாயாங், சுங்கை பூலோ என்று தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடலாம். அங்கே கண்ணாடிப் பெட்டியில், மூச்சு இயந்திரத்தோடு வாரக்கணக்கில் கிடந்து பிழைத்த பிள்ளைகளில் சிலருக்கு நுரையீரல் நோய் நீடித்து நின்றுவிடுகிறது. 1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் டாக்டர் நார்த்வே குழுவினர் 32 குழந்தைகளைக் கவனித்து, அவர்களின் நெஞ்சு எக்ஸ்ரே படங்களைக் கொண்டே இந்நோய் நான்கு படியாக முற்றுவதை விளக்கினார்கள்.

படத்தால் வெளிச்சத்துக்கு வந்த நோய் என்பதால் படமே தீர்ப்பு ஆகிவிடாது. கர்ப்பக் கணக்கில் 36 வாரம் ஆகும்போதும் பிள்ளைக்கு ஆக்சிஜன் தேவைப்படுகிறதா என்பதைத்தான் டாக்டர்கள் இன்று முக்கியமாகப் பார்க்கிறார்கள். படம் தெளிந்த பிள்ளையும் சாதாரணச் சளியில் மூச்சுத் திணறி மறுபடி வார்டுக்குப் போகலாம். படத்தில் தழும்பு தெரியும் பிள்ளையும் எடை ஏறித் தேறலாம், ஏனென்றால் நுரையீரலின் காற்றறைகள் பிறந்த பிறகும் சில வருஷங்கள் வளர்கின்றன. ஆகவே "படம் நல்லா இருக்கு, இனி எதுக்குக் கிளினிக்?" என்று நின்றுவிடக் கூடாது, தாய்மார்களே!

வீட்டில் புகை ஆகவே ஆகாது. சிகரெட், கொசுவத்தி மட்டுமல்ல, குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணியும் புகைதான். பாட்டிமார் நம்மைக் கோபித்துக்கொள்வார்கள், கோபிக்கட்டும். 1997, 2015, 2019 புகைமூட்டத்தில் பெரியவர்களே இருமித் தவித்தோமே, இந்தப் பிஞ்சு நெஞ்சு என்ன பாடுபடும்?

கிளினிக்குக்குப் போகாததற்குத் தாயை மட்டும் குறை சொல்ல நமக்கு மனமில்லை. போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு, வேன் காசு வேறு. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது, வரவேற்கிறோம். ஆனால் 28 வாரத்தில் பிறந்த பிள்ளை நிறைமாதக் கணக்கை எட்டவே 84 நாள் ஆகும். அதுவரை ஆஸ்பத்திரியில் இருந்தால், பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிவரும் தாய்க்கு மிச்சம் 14 நாள்! அப்புறம் வேலைக்காடு. பிள்ளையை யார் பார்ப்பது?

குறைமாதப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களை விடுப்போடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், கிளினிக் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இந்த இரண்டையும் கேட்க வேண்டும் என்கிறோம். கிளைக் கூட்டங்களில் பெண்களும் எழுந்து பேசட்டும்.