எழுத்தின் மீது ஏன் பழி?

கணினியில் தட்டெழுதும் எவரும் அறிந்த பெயர் 'ரைம்ஸ் நியூ றோமன்'. அறிந்த பெயர் மட்டுமன்று, அண்மைக்காலங்களில் ஏளனத்துக்கு ஆளாகும் பெயருமாகும். அலுவலகத்து எழுத்து, வேறொன்றைத் தெரிவுசெய்யச் சோம்பல்பட்டவர்களின் எழுத்து என்றெல்லாம் வடிவமைப்பாளர்கள் அதனைச் சாடுகிறார்கள். பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்த எழுத்தின் சார்பில் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். ஏனெனில், அது எங்கள் தொழிலுக்காகவே பிறந்த எழுத்து.

இலண்டனில் மொனோரைப் நிறுவனத்தின் ஆலோசகராக விளங்கிய ஸ்ரான்லி மொறிசன், 1929 இல் 'த ரைம்ஸ்' பத்திரிகையின் அச்சமைப்புக் காலத்துக்கு ஒவ்வாதது எனக் குறைகூறினார். அந்தப் பத்திரிகை அவரோடு சண்டைக்குப் போகவில்லை. திருத்தும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது. மொனோரைப் 1913 இல் வெளியிட்ட 'பிளான்ரின்' என்ற எழுத்தை மொறிசன் முன்மாதிரியாகக் கொண்டார். அவருடைய வழிகாட்டலில் எழுத்துகளை வரைந்தவர், அப்பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் பணியாற்றிய விக்ரர் லார்டன்ற். 1932 ஒக்ரோபர் 3 ஆம் திகதி புதிய எழுத்தில் பத்திரிகை வெளிவந்தது. புகழ் மொறிசனுக்கே பெரிதும் சேர்ந்தது. கையால் வரைந்தவரின் பெயரை அறிந்தோர் சிலரே.

அந்த எழுத்தின் அமைப்பை உற்று நோக்கினால் அதன் நோக்கம் விளங்கும். எழுத்துகள் அகலத்திற் குறுகியவை. ஆகவே ஒடுங்கிய பத்தியில் அதிக சொற்கள் அடங்கும். பெரிய எழுத்துகளோடு ஒப்பிடுகையில் சிறிய எழுத்துகளின் உடல் உயரமானது. ஆகவே சிறிய அளவில் அச்சிட்டாலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மேலெழும் கோடுகளும் கீழிறங்கும் கோடுகளும் குட்டையானவை. ஆகவே வரிகளை நெருக்கி அடுக்கலாம். முனைகளில் நீட்டி நிற்கும் 'செரிஃப்' எனப்படும் சிறு கோடுகள் கூர்மையானவை. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலான வேறுபாடும் துலக்கமானது. இடத்தை மிச்சப்படுத்த வேண்டும், ஆனால் வாசகரின் கண்ணை வருத்தக்கூடாது என்ற இரண்டு கட்டளைகளுக்கும் ஒருங்கே பணிந்த வடிவம் அது. பத்தியின் நீளத்தோடு நாளாந்தம் மல்லுக்கட்டும் எந்த உதவி ஆசிரியருக்கும் இதன் அருமை புரியும்.

ஆனால், அந்தக் கூர்மைக்குத் தரமான தாளும் கவனமான அச்சும் தேவைப்பட்டன. வேகமான இயந்திரமும் மலிந்த தாளும் வந்தபோது, 40 ஆண்டுகள் பயன்படுத்திய பின்னர், 1972 இல் 'த ரைம்ஸ்' தன் பெயரைத் தாங்கிய எழுத்தையே கைவிட்டு, வோல்ரர் ரேசி வடிவமைத்த 'ரைம்ஸ் யூறோப்பா'வுக்கு மாறியது. இதிலே நன்றிகேடு எதுவும் இல்லை. வேலை மாறியது, கருவியும் மாறியது.

பிறந்த வீடு கைவிட்ட எழுத்தை உலகம் தத்தெடுத்தது. 1992 இல் மைக்ரோசொப்ற்றின் விண்டோஸ் 3.1 உடன் அது கணினிகளுக்குள் நுழைந்தது. 'வேர்ட்' மென்பொருளைத் திறந்தவுடன் முன்வந்து நின்றதும் அதுவே. 2007 இல் 'கலிப்ரி' வரும்வரை நிலைமை அவ்வாறே இருந்தது. ஒடுங்கிய பத்திக்காக வரையப்பட்ட எழுத்து, ஏ4 தாளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை ஓடலாயிற்று. ஒரு வரியில் ஏறத்தாழ 90 எழுத்துகள் அமைந்தால், அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேடித் தவிக்கும். அக்காலத்துக் கணினித் திரைகளிலோ அதன் மெல்லிய கோடுகள் சிதைந்து தெரிந்தன. திரைக்கென்றே மத்தியூ கார்ற்றர் வடிவமைத்த 'ஜோர்ஜியா' 1996 இல் வெளிவர நேர்ந்தது இதனாலேயே. குற்றம் எழுத்தினுடையதன்று; அதனை எங்கே வைத்தோம் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியை மறந்தால் எழுத்துகூட அரசியற் கொடியாகிவிடும். அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் 2004 இல் 'கூரியர் நியூ'வைவிட்டு ரைம்ஸ் நியூ றோமனுக்கு மாறியது. மாற்றுத்திறனாளிகளின் வாசிப்பு வசதியைக் காரணங்காட்டி, 2023 இல் அன்ரனி பிளிங்கன் கலிப்ரியைக் கொண்டுவந்தார். 2025 டிசெம்பரில் மார்க்கோ றூபியோ, ஆவணங்களின் கண்ணியத்தைக் காரணங்காட்டி, பழைய எழுத்தை மீட்டார். பார்வைக் குறைபாடு உடையவருக்கு வாசிக்க இயலுமா என்பது உண்மையான, முக்கியமான கேள்வி. ஆனால், எழுத்தின் அளவு, வரி இடைவெளி, வரியின் நீளம், தாளா திரையா என்பவற்றையும் சேர்த்துப் பார்க்காமல், செரிஃப் நல்லதா கெட்டதா என்று வாதிடுவதால் அந்த வாசகருக்கு ஒரு பயனும் விளையாது. கண்ணியம் எழுதப்படும் விடயத்தில் இருக்கவேண்டும். செரிஃப் அதனைக் கொண்டுவந்து சேர்க்காது.

நல்ல எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளாது, செய்தியைக் காட்டும் என்பதே என் எண்ணம். நாள் முழுவதும் உழைத்துக் களைத்து, மங்கலான வெளிச்சத்தில் பத்திரிகையைப் பிரிக்கும் ஒருவருக்காகவே நாம் பக்கம் அமைக்கிறோம். எங்கே, எதில், யார் வாசிக்கப்போகிறார் என்று முதலிற் கேட்டுவிட்டு எழுத்தைத் தெரிவுசெய்பவர், ரைம்ஸ் நியூ றோமனைத் தெரிந்தாலும் சரி, தவிர்த்தாலும் சரி, வாசகருக்கு மரியாதை செய்தவராவார். கணினி முதலில் நீட்டியதை எடுத்துக்கொண்டு, பின்னர் எழுத்தின்மீது பழிபோடுபவருக்கு அந்தப் பெருமை கிடையாது.