முள்ளை ஏற்றும் வித்தை

"சார், ஆயில் பிரஷர் கம்மியா காட்டுது. ஸ்பிரிங் வீக்காயிடுச்சு. ஒரு வாசர் கொடுத்து டைட் பண்ணா முள்ளு ஜம்முனு ஏறிடும்."

பழைய அம்பாஸடர், பத்மினி வைத்திருக்கும் எல்லோரும் வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். கேட்டதும் மனசு குளிர்ந்திருக்கும். என்ஜினைப் பிரிக்க வேண்டாம், கிராங்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டாம், ஒரு வாசர் போதும். இதைவிட நல்ல செய்தி உண்டா?

நானும் அப்படித்தான் குளிர்ந்துபோனேன். அந்த வாசரைப் போட்டுக்கொண்டு விழுப்புரம் வரை போனேன். திரும்பி வரும்போது என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். வண்டி லாரியில் ஏறி வீடு வந்து சேர்ந்தது. முள் மட்டும் கடைசி வரைக்கும் கம்பீரமாகத்தான் நின்றது.

அதனால் சொல்கிறேன். அந்த வசனம் பத்துக்கு ஒன்பது தடவை பொய். ஏன் பொய் என்று புரிந்துகொள்ள நீங்கள் எஞ்சினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆயில் பம்ப் என்பது ஒரு மக்கு ஜீவன். என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு ஆயிலைத் தள்ளும். அதற்கு பிரஷர் என்றால் என்னவென்றே தெரியாது. தள்ளிய ஆயில் பேரிங்குகளின் குறுகிய இடைவெளி வழியாகப் பிதுங்கி வெளியேற வேண்டியிருக்கிறதே, அந்தத் தடையில் பிறப்பதுதான் பிரஷர். அந்த இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றோ இரண்டோ. தேய்ந்து இரண்டு மடங்கு ஆனால் ஆயில் இரண்டு மடங்கு ஒழுகும் என்று நினைக்காதீர்கள். எட்டு மடங்கு ஒழுகும். பம்ப் பாவம், என்ன செய்யும்?

சரி, ஸ்பிரிங்குக்கு இதில் என்ன வேலை? அது ஒரு காவல்காரன், அவ்வளவுதான். பிரஷர் அளவுக்கு மேல் போனால் ஸ்பிரிங் அமுங்கி, வால்வு திறந்து, உபரி ஆயிலைத் திரும்பச் சம்ப்புக்கே அனுப்பிவிடும். அளவுக்குள் இருந்தால் வால்வு மூடியே கிடக்கும். மூடிய கதவுக்குப் பின்னால் நிற்கும் காவல்காரன் குண்டாக இருந்தால் என்ன, ஒல்லியாக இருந்தால் என்ன?

இங்கேதான் விஷயம். உங்கள் குறை என்ன? சூடான என்ஜின், சிக்னலில் ஐடிலிங்கில் நிற்கும்போது முள் விழுகிறது. அந்த நேரத்தில் வால்வு மூடியிருக்கிறது. வால்வு ஒழுங்காக உட்கார்ந்திருந்தால், ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வாசர் அல்ல, ஒரு டஜன் வாசர் போட்டாலும் அந்த முள் அரை பவுண்டுகூட ஏறாது.

"அப்புறம் எப்படி சார் எனக்கு ஏறிச்சு?" என்று கேட்பீர்கள். ஏறியிருக்கும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டியிருப்பார்கள். குளிர்ந்த ஆயில் பாகு மாதிரி இருக்கும். பிரஷர் தானாக எகிறும், வால்வு திறக்கப் பார்க்கும். அங்கே ஸ்பிரிங் கடினமாக இருந்தால் முள் 60-ஐத் தாண்டி 80-க்கே போகும். நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள். பழைய கார் விற்கிறவர்களில் சிலர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவனைக் காலை ஏழு மணிக்கே வரச்சொல்வது சும்மா இல்லை.

இதனால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று விடவும் முடியாது. அளவுக்கு மீறி இறுக்கினால் குளிர் ஸ்டார்ட்டில் ஃபில்டரின் ரப்பர் வளையம் பிதுங்கி ஆயில் கொட்டும். பம்பைச் சுழற்றும் பற்கள் வீணாகத் தேயும். வாசர் அதிகமாகிப்போனால் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, வால்வு திறக்கவே முடியாமல் போகும். காவல்காரனைக் கதவோடு சேர்த்து ஆணி அடித்த கதை.

அம்பாஸடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் பிரிட்டிஷ்காரர்களின் 'பி சீரிஸ்' குடும்பம். அதே குடும்பத்தில் பிறந்ததுதான் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார். அதன் கையேட்டில் சூடான என்ஜினுக்கு என்ன பிரஷர் போட்டிருக்கிறது தெரியுமா? ஓட்டத்தில் 50 முதல் 80 பவுண்டு, ஐடிலிங்கில் வெறும் 10 முதல் 25. ஸ்போர்ட்ஸ் காருக்கே சிக்னலில் 10 பவுண்டு போதுமாம். நாம் 15-ஐப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறோம்! இன்னொன்று: அந்த வால்வில் திருகிக் கூட்டிக் குறைக்கும் வசதியே வைக்கவில்லை. என்ஜினைச் செய்தவன் வேண்டாம் என்று விட்டதை நாம் வாசர் வைத்துச் செய்கிறோம்.

நியாயமாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் நிஜமாகவே கெடுவதுண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து குட்டையாகும், சில சமயம் உடையும். வால்வு உட்காரும் இடத்தில் அழுக்கோ உலோகத் துகளோ சிக்கி, மூடாமல் நிற்கும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அரைமணி நேரம் ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். உங்கள் வண்டியில் லைட் மட்டும்தான் என்றால் ஒரு பிரஷர் மீட்டரைப் பொருத்தச் சொல்லுங்கள். லைட் எரியாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பிரஷர் அடிமட்டத்துக்குப் போனால்தான் அது எரியும். பிறகு மெதுவாக ஆக்ஸிலேட்டரை ஏற்றுங்கள். முள் ஏறி, கையேடு சொல்லும் அளவில் போய் நின்றால் ஸ்பிரிங் நலம். அந்த அளவை எட்டாமல், ஆனால் வேகம் கூடக்கூட ஏறிக்கொண்டே போனால், வால்வு திறக்கவே இல்லை. பேரிங், பம்ப், ஆயில் இவற்றைப் பாருங்கள். அளவுக்குக் கீழேயே ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிட்டால், அப்போது ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த என்ஜினிலேயே முள் எழும்பவில்லை என்றால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது பம்புக்கே ஆயில் சரியாக வரவில்லை. வண்டியை நகர்த்தாதீர்கள்.

ஸ்பிரிங்கை மாற்றுவதென்றால் அளந்து மாற்றுங்கள். எம்.ஜி.பி. ஸ்பிரிங் வெளியே இருக்கும்போது 3 அங்குலம். சுமார் 55 மில்லிமீட்டருக்கு அமுக்கினால் 7 முதல் ஏழரை கிலோ விசை காட்ட வேண்டும். ஒரு ஸ்கேலும் ஒரு தராசும் இருந்தால் சோதித்துவிடலாம். உங்கள் வண்டிக்கு உங்கள் கையேட்டில் உள்ள அளவைப் பாருங்கள். 2014-ல் உத்தர்பாரா ஆலையில் அம்பாஸடர் நின்றுபோன பிறகு, கடையில் "இது செட் ஆகும் சார்" என்று எடுத்து நீட்டுவது எந்த வண்டியின் ஸ்பிரிங் என்று கடைக்காரருக்கே சில சமயம் தெரியாது. குட்டையான பழைய ஸ்பிரிங்கை மாதிரிக்குக் கொண்டுபோனால் குட்டையான புது ஸ்பிரிங்தான் கிடைக்கும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. என் வண்டி சீஸ் ஆன பிறகு அந்த மனிதரிடம் சண்டைக்குப் போனேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "பேரிங் போயிருக்கு, பிரிக்கணும்னு சொன்னா எத்தனை பேர் சார் என்கிட்ட வண்டிய விடுறாங்க? அடுத்த ஷெட்டுக்குப் போயிடுறாங்க. அங்க வாசர் போடுறான்." என்னிடம் பதில் இல்லை. உண்மை சொன்ன ஒரு மெக்கானிக்கை விட்டுவிட்டுத்தான் நான் இவரிடம் வந்திருந்தேன்.

அடுத்த முறை யாராவது "ஸ்பிரிங் வீக்" என்றால் கோபப்படாதீர்கள். "சரிப்பா, சூடான என்ஜின்ல முள்ளு எங்க நிக்குதுன்னு பார்த்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பார்த்தேன் என்று அளவைச் சொல்கிறவரிடம் வண்டியை விடுங்கள். அவர் என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னாலும் சரி.