வாளியையும் கவனியுங்கள்

1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் எழும்பி வந்த கமக்காரக் குடும்பங்களிற் சில, பல இடங்களில் அலைந்து கடைசியில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை வீடுகளில் தங்கிவிட்டன. போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டாலும் எல்லோருடைய காணியும் கைக்கு வரவில்லை. வந்தவர்களிலும் பலருடைய பிள்ளைகளின் படிப்பும் வேலையும் கொழும்பிலேயே. ஆகவே தோட்டம் செய்த கை, வீட்டுப் பின்புறத்து நிழலில் பொச்சுத்துண்டு நிரப்பிய சாடிகளில் அந்தூரியம் வளர்க்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் இதற்கென நடத்தப்படும் வகுப்புகளில் கன்றும் பசளையும் கொடுக்கிறார்கள். வெட்டிய பூவை என்ன செய்வதென்று யாரும் சொல்வதில்லை. எமக்குத் தெரிந்த ஒரு வகுப்பு அப்படித்தான் முடிந்தது. இது பெரிய குறை என்பதே எமது கருத்து.

பூக்கடைக்காரர் வாடிய பூவுக்குக் காசைக் கழிப்பார். அந்த நட்டம் வளர்த்தவருடைய தலையில்தான் விழுகிறது. வெங்காயத்தைக் கிண்டியதோடு வேலை முடிந்ததென்று ஊரில் எவராவது இருந்தோமா? காயவிட்டு, பிடி கட்டி, காற்றுப்படத் தூக்கி வைத்தோம். பூவுக்கும் அப்படி ஒரு பக்குவம் உண்டு.

வெட்டிய பூவும் உயிருள்ளதே. அது மூச்சு விடுகிறது, நீர் இழக்கிறது. அந்தூரியத்தின் நடுவிலுள்ள கதிரில் அடியிலிருந்து முக்கால்வாசி நிறம் மாறியபின் வெட்டுங்கள். முந்தி வெட்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். காலைக் குளிர்ச்சியில் அல்லது பொழுது சாயும்போது, கூரிய கத்தியால் வெட்டி உடனே தண்ணீரில் வையுங்கள். கடையில் மறுபடி தண்ணீருக்குள்ளேயே தண்டின் நுனியை ஒரு அங்குலம் வெட்டினால், உட்புகுந்த காற்றடைப்பு நீங்கும்.

பூவைக் கொல்வது பெரும்பாலும் அழுக்கு வாளிதான். வாளியில் வழுவழுப்பாகப் படிவது கிருமி; அது தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். வாளி நிறையத் தண்ணீர் இருக்கும், பூவோ தாகத்தில் வாடும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளி, அரைத் தேக்கரண்டி வெளிற்றும் திரவம் சேர்ப்பது பலரும் கையாளும் முறை. சீனி பூவுக்கு உணவு. ரோசா போல மொட்டாக வெட்டும் பூக்களுக்கே அது அதிகம் உதவும். ஆனால் தனிச் சீனி போட்டால் கிருமிக்கும் விருந்து. புளியையும் வெளிற்றும் திரவத்தையும் நேரடியாகக் கலக்க வேண்டாம், நச்சு வாயு எழும்பும். இரண்டையும் நிறைந்த தண்ணீரிலேயே தனித்தனியாக விடுங்கள்.

குளிரில் வைத்தால் எல்லாப் பூவும் நிற்கும் என்று நாமும் நம்பியிருந்தோம். ஒருமுறை மிஞ்சிய அந்தூரியங்களை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம். மறுநாள் சிவப்பெல்லாம் கருநீலமாகக் கிடந்தது. வெப்பநாட்டுப் பூவான அது ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே தாங்காது. நிழலும் ஈரச்சாக்கும் போதும். ஓர்க்கிட் வைத்திருப்பவர்கள் பழுத்த வாழைக்குலைக்குப் பக்கத்தில் அதை வைக்க வேண்டாம். பழம் விடும் எதிலீன் வாயு பூவை முதுமையாக்கிவிடும்.

பயிற்சி நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். கன்றுகளின் தொகையைச் சற்றுக் குறைத்து, குடும்பத்துக்கு இரண்டு வாளியும் ஒரு நல்ல கத்தியும் கொடுங்கள்; ஒரு நாளையாவது வெட்டிய பூவுக்கென ஒதுக்குங்கள். கடைக்காரரையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். பூ எத்தனை நாள் நின்றதென்று இரு தரப்பும் குறித்து வைத்தால், காசைக் கழிக்கும்போது கேட்டுப் பேச ஒரு கணக்காவது கையில் இருக்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் சனம் திரளும் செவ்வாய்க்கிழமைக்காகத் திங்கள் மாலை பூ வெட்டுகிறவர்கள், அன்று காலையிலேயே வாளியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.