ஆண்களுக்கு லேசர் முடி நீக்கம்: எட்டு செஷனில் எல்லாம் போய்விடுமா?

சென்னை, கோவை மாதிரியான நகரங்களில் லேசர் க்ளினிக் விளம்பரம் என்றால் கொஞ்ச காலம் முன்புவரை அதில் ஒரு பெண்ணின் முகம்தான் இருக்கும். இப்போது இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ட்ரிம் செய்த தாடியோடு ஒரு ஜிம் பாடி வந்து நிற்கிறது. 'மார்பு, முதுகு, தோள்பட்டை, எட்டே செஷன். வலியே இல்லை. வாழ்நாள் முழுக்க முடியே வராது. நோ காஸ்ட் இ.எம்.ஐ. வசதி உண்டு. ஆஃபர் இந்த வாரம் மட்டும்.' அடுத்த வாரமும் அதே ஆஃபர் ஓடும் என்பது வேறு கதை.

காலேஜில் 'கரடி' என்று கேலி வாங்கியவர், கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருப்பவர், ஜிம்மில் உழைத்த உடம்பு வெளியே தெரியவேண்டும் என்று நினைப்பவர் எல்லோருக்கும் இது நல்ல டீலாகத்தான் தோன்றும். ஆனால் அந்த விளம்பரத்தின் முக்கியமான வாக்குறுதியே ஆண்களின் உடம்புக்கு, அதிலும் முதுகுக்கு, அவ்வளவாகப் பொருந்தாது.

'நீக்கம்' இல்லை, 'குறைப்பு'

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்தக் கருவிகளுக்கு அனுமதித்திருக்கும் வார்த்தை 'நிரந்தர முடி குறைப்பு'. சிகிச்சை முடிந்த பிறகு திரும்ப வளரும் முடிகளின் எண்ணிக்கை நீண்ட காலத்துக்குக் குறைந்தே இருக்கும் என்பதுதான் இதன் பொருள். சிகிச்சை செய்த இடத்தில் ஒரு முடிகூட வராது என்று அர்த்தம் இல்லை.

காரணம், லேசர் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் ஒளியை மிகக் குறைந்த நேரத்துக்குப் பாய்ச்சினால், அதை உறிஞ்சும் நிறமி மட்டும் சூடாகும், சுற்றியிருக்கும் திசு தப்பிக்கும். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் முன்வைத்த கோட்பாடு இது. முடியில் இருக்கும் கருப்பு நிறமியான மெலனின் ஒளியை உறிஞ்சுகிறது, அந்தச் சூடு வேர்க்காலுக்கு இறங்கி அதைச் செயலிழக்க வைக்கிறது. நிறமி இல்லாத நரைமுடியில் லேசர் பலிக்காததும் இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளரும் கட்டத்தில் இருக்கும் முடிமேல்தான் லேசர் சரியாக வேலை செய்யும். தலையில் பெரும்பாலான முடி எப்போதும் வளரும் கட்டத்தில்தான் இருக்கும். மார்பிலும் முதுகிலும் அப்படி இல்லை, பெரும் பகுதி ஓய்வில் இருக்கும். ஓய்வில் இருந்தது விழித்து வளர ஆரம்பிக்கும்போது மறுபடி லேசர் கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு செஷன், ஒவ்வொன்றுக்கும் நடுவே பல வாரம் இடைவெளி என்ற கணக்கு இப்படி வந்ததுதான். 'பத்து நாளுக்கு ஒரு செஷன், ரெண்டு மாசத்துல முடிச்சிடலாம்' என்று சொல்லும் இடம், உடம்பின் காலண்டரைப் பார்க்காமல் தன் காலண்டரைப் பார்க்கிறது. மூன்று மாதத்தில் கல்யாணம் என்றால், நியாயமாகப் பார்த்தால் பாதி சிகிச்சைகூட முடிந்திருக்காது.

முதுகுதான் பெரிய தலைவலி

ஒரு ஆணின் மார்பு, தோள், முதுகில் வளரும் முடி ஆண் ஹார்மோனின் சொல்படி நடக்கிறது. பருவ வயதோடு இது நின்றுவிடுவதில்லை. இருபதுகளில் கண்ணுக்கே தெரியாத பூனைமுடியாக இருப்பது, முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் கறுத்துத் தடித்த முடியாக மாறிக்கொண்டே போகும். அப்பாவின் முதுகைப் பார்த்தாலே ஓரளவு புரியும்.

25 வயதில் முதுகு முழுக்க லேசர் செய்துகொண்ட ஒருவருக்குப் பத்து வருஷம் கழித்து அங்கே முடி வந்தால், சிகிச்சை தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அன்று பூனைமுடியாக இருந்ததை லேசர் தொட்டிருக்காது, அது இப்போது முற்றியிருக்கிறது. அதனால் முதுகுக்கும் தோளுக்கும் அவ்வப்போது பராமரிப்பு செஷன் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அந்தச் செலவு பெரும்பாலும் பேக்கேஜ் விலையில் சேர்ந்திருக்காது.

இதைவிடக் கசப்பான ஒரு விஷயமும் இருக்கிறது. சிலருக்கு லேசர் செய்த இடத்திலோ அதன் ஓரத்திலோ முடி குறையாமல் கூடவே செய்யும். டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவுதான் இது. எல்லோருக்கும் வராது, ஆனால் கருமையான தோல் உள்ளவர்களிடம் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. பெண்களுக்கு முகம், கழுத்து என்றால், ஆண்களுக்குத் தோள், மேல்முதுகு. 'வருமா வராதா?' என்று கேட்டால், வர வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் க்ளினிக்கை ஓரளவு நம்பலாம். 'அதெல்லாம் சான்ஸே இல்ல ப்ரோ' என்று சிரிக்கிற இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நம்ம ஊர் தோலுக்கு எந்த மெஷின்?

மெலனின் முடியில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. லேசருக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளைத் தோலில் கருப்பு முடி என்றால் வேலை சுலபம். தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பார்க்கும் மாநிறம், கருநிறத் தோலில் அந்தச் சூட்டின் ஒரு பங்கைத் தோலே வாங்கிக்கொள்ளும். விளைவு கொப்புளம், தீக்காயம், மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு, சில நேரம் வெளிறிய திட்டு. முடியை மறைக்கச் சட்டை போட்டவர் இனி திட்டை மறைக்கப் போட வேண்டியிருக்கும்.

அதனால் மெஷினின் பெயரைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. அலெக்சாண்ட்ரைட் லேசரின் அலைநீளம் 755 நானோமீட்டர். மெலனின் இதை நன்றாக உறிஞ்சும், வெளுத்த தோலுக்கு ஏற்றது. டயோட் சுமார் 810, இந்தியத் தோலில் பரவலாகப் பயன்படுவது. என்டி யாக் 1064, ஆழமாக இறங்கும், தோலின் மெலனினை அவ்வளவாகச் சீண்டாது. கருநிறத் தோலுக்கு மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது என்று தோல் டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதில் வலி கொஞ்சம் கூடுதல். ஆண்களின் முடி தடிமனாகவும் அடர்த்தியாகவும் இருப்பதால் முதல் இரண்டு செஷனில் அது நன்றாகவே தெரியும். 'பெயின்லெஸ்' என்பது குளிர்விக்கும் கருவியின் உபயத்தில் பாதி உண்மை, மீதி மார்க்கெட்டிங்.

ஐ.பி.எல். என்று ஒன்று இருக்கிறது. கிரிக்கெட் இல்லை, பல அலைநீளங்கள் கலந்த பளிச் ஒளி. அது லேசரே கிடையாது. சில இடங்களில் இதையும் 'லேசர்' என்றே சொல்லி விற்கிறார்கள். வீட்டில் செய்துகொள்ள ஆன்லைனில் கிடைக்கும் கருவிகள் பலவும் இந்த வகைதான். மிகக் கருமையான தோலுக்கு வேண்டாம் என்று அவற்றின் கையேட்டிலேயே போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை.

தினமும் பைக்கில் வெயிலில் போகிறவர்களின் கையும் கழுத்தும் மற்ற இடங்களைவிடக் கறுத்திருக்கும். அங்கே அதே அளவு சக்தியை வைத்தால் சுடும். நல்ல க்ளினிக் சிறிய இடத்தில் முதலில் பேட்ச் டெஸ்ட் செய்து, சில நாள் பொறுத்து, திட்டு ஏதும் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் முழு முதுகைத் தொடும். டாட்டூ மேல் லேசர் பாய்ச்சக் கூடாது. செஷனுக்கு முன் ஷேவ் பண்ணலாம், ஆனால் வேக்ஸிங் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்?

மரத்துப்போக வைக்கும் க்ரீம்

மேலே சொன்னதெல்லாம் தோலோடு போகும் பிரச்சனைகள். இது உயிர் சம்பந்தப்பட்டது. வலி தெரியாமல் இருக்கப் பூசும் க்ரீமில் லிடோகெயின் போன்ற மருந்துகள் இருக்கும். அமெரிக்காவில் லேசர் முடி நீக்கத்துக்கு முன் கால் முழுக்க இந்த மாதிரி க்ரீமைப் பூசி, மேலே பிளாஸ்டிக் சுற்றிய 22, 25 வயதுப் பெண்கள் இருவர் வலிப்பு வந்து, கோமாவுக்குப் போய் இறந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டி 2007-ல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. அனுமதித்த அளவைத் தாண்டிய லிடோகெயினோடு விற்கப்படும் க்ரீம்கள் பற்றி 2024 மார்ச்சில் மறுபடி எச்சரித்தது.

ஆண்களுக்கு இது ஏன் முக்கியம்? மார்பும் முதுகும் உடம்பிலேயே பெரிய பரப்புகள். 'வீட்டிலேயே தடவி, க்ளிங் ராப் சுத்திட்டு வந்துடுங்க' என்று ரிசப்ஷனில் யாராவது சொன்னால், அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு செய்யக் கூடாது. எவ்வளவு, எங்கே, எத்தனை நேரம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் எங்கே?

2016-ல் சென்னையில் ஒரு மையத்தில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் இறந்துபோனார். விசாரித்தபோது, அந்த இடத்துக்கு அழகு நிலையம் நடத்தத்தான் உரிமம் இருந்தது தெரியவந்தது. லேசர் வேறு, முடி மாற்று வேறு. ஆனால் சலூனுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இருக்கும் கோடு எவ்வளவு மங்கலானது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. மருத்துவம் படிக்கிறவருக்கே அது கண்ணில் படவில்லை. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொள்வது அழகியல் சிகிச்சைகளைத் தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டிய நிலைமை வந்தது.

'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்ற பட்டம் போர்டில் இருந்தால் அவர் தோல் டாக்டர் என்று அர்த்தம் இல்லை. எம்.டி. டி.வி.எல். போன்ற தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவை ஆன்லைனிலேயே தேடலாம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி க்ளினிக்குக்கும் பதிவு வேண்டும். மெஷினைப் பிடிப்பவர் டெக்னீஷியனாகவே இருந்தாலும், அளவைத் தீர்மானிக்கும் டாக்டர் அந்தக் கட்டிடத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. 'டாக்டர் சனிக்கிழமை மட்டும் வருவார்' என்றால் சனிக்கிழமை போவதே நல்லது.

யாருக்கு உண்மையிலேயே உதவும்?

சிலருக்கு இது அழகு விஷயமே இல்லை. ஷேவ் செய்தால் கழுத்தில் முடி உள்ளுக்குள் வளர்ந்து சீழ்க்கட்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிட்டப் பிளவின் மேல்பகுதியில் முடி குத்தி உள்ளே போய்ப் புண்ணாகும் பைலோனிடல் சைனஸ், இளம் ஆண்களுக்கு அதிகம் வரும் தொல்லை. ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வரும். அமெரிக்காவில் 11 முதல் 21 வயதுவரை உள்ள 302 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 33.6 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வந்தது. லேசரும் சேர்த்துப் பெற்றவர்களில் 10.4 சதவீதம்தான். இவர்களுக்குச் செலவழிக்கும் காசு வீண் போகாது.

மார்பு முடி அடர்த்தியாக இருக்கிறது என்பது மட்டும்தான் குறை என்றால், ஒரு ட்ரிம்மர் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்துவிடும், மனசு மாறினால் முடியும் திரும்ப வரும். லேசரில் அந்த வசதி இல்லை. தாடியின் எல்லையை லேசரால் 'ஷேப்' செய்பவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்கலாம், தாடி ஃபேஷன் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது.

செய்துகொள்வது என்று முடிவெடுத்தவர்கள் முதல் இரண்டு செஷனுக்கு மட்டும் பணம் கட்டிப் பார்ப்பது நல்லது, மொத்த விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இ.எம்.ஐ. என்பது பெரும்பாலும் க்ளினிக்கோடு போடும் ஒப்பந்தம் இல்லை, கடன் நிறுவனத்தோடு போடுவது. நான்காவது செஷனுக்குப் போகும்போது க்ளினிக் ஷட்டர் இறங்கியிருந்தாலும் தவணை நேரத்துக்கு வந்து நிற்கும். மெஷின் எது, எந்தெந்த இடம், எத்தனை செஷன், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் இருந்தால் போதாது, பில்லோடு எழுத்தில் வர வேண்டும். ஒவ்வொரு செஷனுக்கும் முன் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். 'வாழ்நாள் முழுக்க வராது' என்ற விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் சேர்த்து வைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரம் தனிக் குற்றச்சாட்டு. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம்.