வாத்தியாருக்குத் திரைக்கதை எதற்கு?

"பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் திரைக்கதை எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மாற்றார் அல்லர், நம்மவர்களே. புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கியிலோ, அன்னவாசலிலோ, கோட்டைப்பட்டினத்திலோ எழுத்தார்வமுள்ள ஆசிரியர் ஒருவர், நம் குடும்பங்களின் பாட்டையும் பரிதவிப்பையும் காட்சி காட்சியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கட்டும், பார்க்கலாம். முதலில் வீட்டில் சிரிப்பு. அடுத்துத் தெருவில் சிரிப்பு. அதற்கடுத்துப் பள்ளிவாசல் திண்ணையில் முகச்சுளிப்பு. அதே மனிதர் கவிதை எழுதினால் பொன்னாடை உண்டு. சிறுகதை எழுதினால் மீலாது மலரில் இடம் உண்டு. திரைக்கதை என்றதும் ஆள் கெட்டுப்போனார் என்று தீர்ப்பெழுதி விடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது? நம் முன்னோரிடமிருந்து வரவில்லை. தமிழுக்கு வழக்கமில்லாத இலக்கிய வடிவங்களை அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் துணிந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று பெயரிலேயே கடல் கடந்த மணம் வீசும் வடிவங்களைத் தமிழில் பயிராக்கினார்கள். கிஸ்ஸா என்றால் கதைதானே! ஒருவர் இராகமெடுத்து வாசிக்க, சுற்றியிருந்த பெண்களும் பிள்ளைகளும் கேட்டுக் கண்கலங்கிய கதைகள் அவை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கும் அவை மனப்பாடம். உமறுப் புலவர் அரபு நாட்டை வருணிக்கப் புகுந்தபோது தமிழ் நிலத்தின் வயலையும் வளத்தையும் அங்கே கொண்டுபோய் வைத்தார். புதிய வடிவத்தைக் கண்டு அஞ்சிய கூட்டமா இது?

திருக்குர்ஆன் யூசுப் நபியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கும்போது, வரலாறுகளுள் அழகியது என்று அதைச் சிறப்பிக்கிறது. அந்த வரலாற்றில் என்ன இருக்கிறது என்று சற்றே எண்ணிப் பாருங்கள். பிள்ளையை இழந்த தகப்பன், பொறாமை கொண்ட உடன்பிறப்புகள், கிணறு, அடிமைச் சந்தை, சிறைச்சாலை. அத்தனைக்கும் பிறகு நம்பிக்கை இழக்காமல் காத்திருந்த ஒரு முதியவரின் கண்ணொளி திரும்புதல். போராட்டம், குடும்பம், நம்பிக்கை ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. நம் ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் துடிப்பதும் இவற்றைத்தான்.

"கதை சொல்வது வேறு, சினிமா வேறு" என்று உலமாப் பெருமக்கள் சிலர் சொல்வதை நாம் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறோம். திரையில் வரும் ஆபாசத்துக்கும் வெறியாட்டத்துக்கும் வக்காலத்து வாங்க நாம் எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். மஃரிபுக்குப் பிறகு நம் வீடுகளில் எரிகிற தொலைக்காட்சிப் பெட்டியில் என்ன ஓடுகிறது? பிள்ளைகளின் உள்ளங்கையில் இருக்கும் கைப்பேசியில் என்ன ஓடுகிறது? மருமகளை விஷம் வைத்துக் கொல்லும் மாமியார் கதையை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கலாமாம். நல்ல மாமியார் ஒருத்தியைப் பற்றி நம் ஆசிரியர் மூன்று பக்கம் எழுதக் கூடாதாம். பார்ப்பது ஆகும், எழுதுவது ஆகாது என்பது எந்த நியாயம்?

ஆசிரியப் பணியின் கண்ணியம் கெடும் என்பது இன்னொரு கூற்று. புதுச்சேரியில் முப்பத்தேழு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றிய பாரதிதாசனின் கண்ணியம் கெட்டுவிட்டதா? 1937இல் 'பாலாமணி' படத்துக்கு எழுதியபோது அவர் இன்னும் பள்ளி ஆசிரியரே. 1946இல் ஓய்வு பெற்ற பின் 'பொன்முடி'க்கும் (1950) 'வளையாபதி'க்கும் (1952) எழுதினார். 1964இல் மறையும் வரை 'பாண்டியன் பரிசை'ப் படமாக்கும் கனவு அவரை விடவில்லை.

அண்டை மலையாளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் டி. தாமோதரன். பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டு விசில் ஊதிய அந்த மனிதர்தாம், சந்தையில் மூட்டை சுமக்கும் கூலிகளின் வாழ்வை 'அங்ஙாடி' (1980) என்று எழுதினார். மலபார் மாப்பிள்ளைமாரின் கிளர்ச்சியை '1921' (1988) என்ற திரைக்கதையாக ஆக்கியவரும் அவரே. அவர் முஸ்லிம் அல்லர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளைமாரின் வரலாற்றைத் திரைக்கு எழுத ஓர் இந்து ஆசிரியர் முன்வந்தார். நம் மரைக்காயர் வரலாற்றையும் இராவுத்தர் வரலாற்றையும் எழுத யார் வரவேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம்?

நாம் எழுதாததால் விளைந்ததை அறியாதார் இல்லை. 'பாவமன்னிப்பு' (1961) போன்ற ஒருசில படங்களை ஒதுக்கிவிட்டால், தமிழ்த் திரை நமக்குக் கொடுத்த வேடங்கள் என்ன? அத்தர் விற்கும் பாய், பிரியாணிக்கடை பாய், வட்டமான தொப்பியும் உடைந்த தமிழுமாக வந்து நாலு பேரைச் சிரிக்க வைக்கும் பாய். நம் வீட்டில் பேசும் தமிழைக் கேட்டவன் எவனாவது அப்படி ஒரு வசனம் எழுதுவானா? தொண்ணூறுகளுக்குப் பின் அந்தச் சிரிப்பும் போய், கையில் வெடிகுண்டு வந்தது. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வந்தபோது சமுதாயம் கொதித்தெழுந்தது. அரசு தடை விதித்தது; பேச்சுவார்த்தை நடந்தது; சில இடங்களில் ஒலியை நீக்க ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7இல் படம் தமிழகத் திரையரங்குகளுக்கு வந்தது. மனம் புண்பட்டவர்கள் குரல் கொடுத்ததை நாம் குறை கூறவில்லை. ஆயின் பிறர் எழுதிய காட்சியில் ஒலியை நீக்கிய நாம், நம் ஒலியோடு எத்தனை காட்சி எழுதியிருக்கிறோம்?

எழுதியவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பது தனிக்கதை. 'நாடோடி மன்னன்' (1958) படத்தின் உரையாடலைக் கண்ணதாசனோடு சேர்ந்து எழுதிய ரவீந்தர் யார்? நாகூர்க்காரர், காஜா மொகிதீன் என்பது இயற்பெயர். பல படங்களுக்கு எழுதிய தூயவன் யார்? அவரும் நாகூர், அக்பர் என்று பெற்றோர் வைத்த பெயர். தமிழ்நாடே இவர்கள் எழுதிய வசனங்களைக் கைதட்டிக் கேட்டபோது, இவர்கள் நம்மவர் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல யாரும் இல்லை. நம் மலர்களில் இவர்கள் படங்கள் எத்தனை முறை வந்தன? அந்தப் பெயர்களுக்குப் பின்னால் என்ன காரணம் இருந்தாலும், இருந்தவரைக்கும் உரிமை கொண்டாடாத நாம், இல்லாதவரைக் குறித்துப் புலம்புவது பொருத்தமாயில்லை.

கவிக்கோ அப்துல் ரகுமான் திரைப்பாடல் எழுத மறுத்ததை மேற்கோள் காட்டுவோரும் உண்டு. பேராசிரியர் அவர், தம் கவிதைக்கு எது தகும் என்று முடிவெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மெட்டுக்குச் சொல் அடுக்குவதைத்தான் அவர் ஒதுக்கினார். ஒரு குடும்பத்தின் வாழ்வை முதலிலிருந்து முடிவு வரை தாமே கட்டி எழுப்பும் வேலை அதுவன்று.

முஸ்லிம் நாட்டில் இதைச் செய்ய முடியுமா என்று ஐயுறுவோர் ஈரானைப் பார்க்கட்டும். அங்கே தணிக்கை கடுமை. பெண்ணின் முக்காடு முதல் ஆணும் பெண்ணும் தொடுவது வரை கட்டுப்பாடு. அந்த வேலிக்குள் நின்றே மஜீத் மஜீதி 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) எழுதி இயக்கினார். கதை என்ன? தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன். வேறு வாங்கக் காசில்லாத வீடு. ஒரே சோடிக் காலணியை இருவரும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். அவ்வளவுதான். உலகமே அழுதது; ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. அதற்குப் பத்தாண்டு முன்பே, தோழனின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க ஊர் ஊராக அலையும் சிறுவனை வைத்துக் கியாரோஸ்தமி ஒரு படம் எடுத்தார். சிறுவர் கல்விக்கான நிறுவனம் ஒன்று தயாரித்தது அது. செருப்பு தொலைந்த பிள்ளையையும், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையையும் நாள்தோறும் பார்ப்பவர் யார்? நடிகரா, தயாரிப்பாளரா? வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்!

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். செங்கல் சூளையில் அடைபட்ட பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வரும் இளைஞனின் கதையைப் புதுக்கோட்டைச் சீமையில் வைத்துச் சற்குணம் 'வாகை சூட வா' (2011) எடுத்தார். தமிழின் சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது. அதில் வரும் சூளையும் செம்மண்ணும் நமக்குப் புதியவையா? 1991இல் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியும் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்களோடு நம் முஸ்லிம் பெண்களும் ஏறினார்கள். ஏச்சும் பேச்சும் கேட்டுக்கொண்டே ஏறினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதினார். அந்தக் கட்டுரை இந்திப் பாடநூலில் இடம்பெற்று, வடநாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களின் மிதிவண்டியைப் பற்றிப் பல ஆண்டுகள் தேர்வு எழுதினார்கள். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் கதை தெரியுமா?

கடற்கரைக்குப் போங்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கடலுக்குப் போன படகுகள் இலங்கைக் கடற்படையிடம் சிக்கிய செய்தி எத்தனை முறை நாளிதழில் வந்திருக்கிறது! யாழ்ப்பாணச் சிறையில் இருப்பவர் எம்மதத்தவராயினும், கரையில் அடுப்பெரியாத வீட்டின் நிலை ஒன்றே. வீட்டுக்கு வீடு சபராளிகள்: திருமணமான நாற்பதாம் நாள் வளைகுடாவுக்கு விமானம் ஏறியவர், தகப்பனைப் புகைப்படத்திலும் கைப்பேசித் திரையிலும் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை, வந்த பெட்டியைத் திறந்ததும் தைலமும் சோப்பும் எண்ணும் உறவினர், எண்ணப்படாத மனைவியின் ஆண்டுகள். இவற்றை எழுத வெளியூரிலிருந்து ஒருவர் வந்து தங்கிக் குறிப்பெடுக்க வேண்டுமா? அந்தப் பிள்ளையின் வருகைப் பதிவேடு ஆசிரியரின் மேசையில் இருக்கிறதே!

எழுதும் ஆசிரியர்களிடமும் சொல்ல ஒன்று உண்டு. திரைக்கதையைக் குத்பாப் பேருரையாக்கிவிடாதீர்கள். முதற்காட்சியில் நல்லவர், கடைசிக் காட்சியிலும் நல்லவர், நடுவில் எல்லாருக்கும் புத்தி சொல்கிறார் என்றால், பார்ப்பவர் எழுந்து போய்விடுவார். சமுதாயத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நம் வீட்டுக் குறைகளை மறைப்பதும் வேண்டாம். கைக்கூலி வாங்கும் மாப்பிள்ளை வீட்டாரை எழுதுங்கள். தங்கையின் பங்கை விழுங்கிய அண்ணனை எழுதுங்கள். நம்பிக்கை என்பது அந்த இருட்டை எழுதிய பிறகு வருவது. எழுதி முடித்ததும் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உங்கள் பெயரால் பதிவு செய்துவிட்டு, அதன்பின் பிறரிடம் காட்டுங்கள். கதையைக் கேட்டுவிட்டு "பார்க்கலாம்" என்பவர்கள் பின்னால் அதைத் தங்கள் பெயரில் பார்க்கவைத்த செய்திகள் கோடம்பாக்கத்தில் குறைவில்லை.

ஜமாஅத்துகளிடம் நாம் பெரிய நிதி எதுவும் கேட்கவில்லை. மீலாது விழா மேடையில் அரசியல்வாதிகளின் வாழ்த்துரைக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணி போதும். ஊரிலிருக்கும் ஆசிரியர் ஒருவரை, ஆணாயினும் பெண்ணாயினும், தாம் எழுதிய திரைக்கதையிலிருந்து இரண்டு காட்சிகளை வாசிக்கச் சொல்லுங்கள். திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் பெண்களுக்கும் ஒலிபெருக்கி கேட்கட்டும். கதை பிடித்திருந்ததா, தங்கள் வீடு அதில் தெரிந்ததா என்று அவர்களிடமே முதலில் கேளுங்கள்.