கல்லீரலுக்கு மருந்து, காய்ச்சலுக்குக் கைவிரிப்பு

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு, அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் அவை. மழை பிடித்துக்கொண்டால் படுதாவை இறக்கிக் கட்டிவிடுவார்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் இருமினால், அந்தக் காற்றைத்தான் மற்றவர்கள் தோட்டம் வந்து சேரும்வரை சுவாசித்தாக வேண்டும். ஃபுளூ காய்ச்சல் பரவ இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

பெரும்பாலோருக்கு அது ஒரு வாரத் தொல்லை. ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமியை ஆண்டுக்கணக்கில் உடலில் சுமப்பவர்களுக்கு, அதிலும் கல்லீரல் சுருங்கி இறுகத் தொடங்கிவிட்டவர்களுக்கு, அப்படியல்ல. அதுவரை எப்படியோ சமாளித்துவந்த கல்லீரல் ஒரு கடும் காய்ச்சலில் நிலைகுலையலாம். வயிற்றில் நீர் கோக்கலாம், காமாலை முற்றலாம், நினைவு தடுமாறலாம். போதாக்குறைக்கு, கூலியை இழக்க மனமில்லாமல் மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் 'ஒரு செட் மாத்திரை' இருக்கிறது. அதில் சேர்ந்துவரும் வலி நிவாரணிகளும் அளவு மீறிய பாராசிட்டமாலும் நோயுற்ற கல்லீரலுக்கு நேரடிக் கேடு.

இவர்கள் எண்ணிக்கையில் சொற்பமானவர்கள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர். சி உள்ளவர்கள் சுமார் 55 லட்சம் பேர். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இவர்களுக்குப் பரிசோதனையையும் மருந்தையும் இலவசமாக்கியது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதே நோயாளியை ஆண்டுதோறும் ஃபுளூவிலிருந்து காக்கும் ஊசி அரசின் தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லை. தனியார் மருத்துவமனையில் அதன் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. தோட்டக் கூலிக்குப் போகிறவருக்கு அது சில நாள் உழைப்பு.

அரசுக்கு இது தெரியாததல்ல. ஃபுளூ வந்தால் ஆபத்து அதிகமுள்ளவர்களின் வரிசையில் கல்லீரல் நோயாளிகளை வைத்திருப்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலேதான். ஆபத்து இன்னாருக்கு என்று எழுதிவைத்துவிட்டு, பாதுகாப்பை மட்டும் அவரவர் பணப்பைக்கு விட்டுவிடுவதைக் கவனக்குறைவு என்று எங்களால் கடந்துபோக இயலவில்லை. அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது.

மருத்துவர்களும் இதில் தப்ப முடியாது. மாதாமாதம் மாத்திரை எழுதித் தருபவர் ஃபுளூ ஊசி பற்றி ஒரு வார்த்தை சொல்வது அரிது. 'கல்லீரல் கெட்டிருக்கும்போது ஊசி வேண்டாம்' என்ற அச்சம் அந்த மௌனத்தில்தான் வளர்கிறது. கையில் போடப்படும் ஃபுளூ ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. அது ஃபுளூவை வரவழைக்காது, கல்லீரலைக் கெடுப்பதுமில்லை. கல்லீரல் மிகவும் நலிந்தவர்களுக்கு அதன் பலன் சற்றுக் குறையலாம். ஆயினும் அவர்களுக்கே அது முதலில் தேவை. மூக்கில் தெளிக்கும் வகை வேறு. அதில் வலுவிழந்த உயிர்க்கிருமி இருப்பதால் இவர்களுக்கு அது ஏற்றதல்ல. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

கீழாநெல்லியைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்துக் கண்ட முடிவுகள் 'லான்செட்' இதழில் வெளியாகி உலகமே திரும்பிப் பார்த்தது. பின்வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. பச்சிலை குடித்து, பத்தியம் இருந்து, கண்ணில் மஞ்சள் தெளிந்ததும் நோய் போய்விட்டது என்று நம்புகிறவர் பரிசோதனைக்கும் வருவதில்லை, தடுப்பூசிக்கும் வருவதில்லை.

தோட்ட முதலாளிகளின் பங்கு தனி. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்தோட்டங்களுக்கும் மருத்துவ வசதியைக் கடமையாக்கியது. ஆனால் பரப்பும் ஆள் எண்ணிக்கையும் குறைந்த தோட்டங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. தினம் ஜீப்பில் வந்து போகும் பெண், வசிப்பது தமிழ்நாட்டில், உழைப்பது கேரளத்தில். இரண்டு அரசுகளுமே அவரை மற்றதன் பொறுப்பாகப் பார்க்க இது வசதியாகிவிடுகிறது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தினர் வீட்டுக்கதவைத் தட்டும் நேரத்தில் அவர் மலைமேல் காய் எடுத்துக்கொண்டிருப்பார்.

எல்லை தாண்டி உழைக்கும் இவர்களுக்கு ஊசி போட முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2021இல் கேரளத்திலிருந்து வருவோரிடம் கோவிட் பரிசோதனைச் சான்றையோ இரு தவணைத் தடுப்பூசிச் சான்றையோ எல்லையில் நிறுத்திக் கேட்டது இதே தமிழக அரசுதான். சான்று கேட்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு ஊசி கொண்டுவரவும் தெரிந்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆண்டுதோறும், ஜீப்புகள் புறப்படும் இடத்திலேயே, அவை புறப்படும் நேரத்திலேயே இந்த ஊசி போடப்பட வேண்டும். ஹெபடைடிஸ் நோயாளிகளை மட்டும் பெயர் சொல்லி அழைப்பது கூடாது. கூடச் சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் குடிப்பதாலோ ஹெபடைடிஸ் பி, சி தொற்றாது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. பெயர் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்ணுக்கு மறுநாள் ஜீப்பில் இடமிருக்காது. ஜீப்பில் ஏறும் அத்தனை பேருக்கும் போடுங்கள். நோயாளியின் மானமும் காக்கப்படும், அவர் பக்கத்தில் இருமுகிறவர்களும் குறைவார்கள். செலவில் ஒரு பகுதியை ஏலத்தோட்ட உரிமையாளர்கள் ஏற்பதே நியாயம்.

இலவச மருந்து பெறும் ஒவ்வொரு ஹெபடைடிஸ் நோயாளியின் பெயரும் அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த நிதிநிலை அறிக்கையிலும் இந்த ஊசிக்குப் பணம் ஒதுக்காவிட்டால், மறந்துவிட்டோம் என்ற சாக்கை ஏற்க நாங்கள் தயாராக இல்லை.